நுண்துகள் மருந்தும் நம் ஊர் நோயாளியும்

நுரையீரலில் புற்று என்று டாக்டர் சொல்லிவிட்டால், அத்துடன் கணக்கு முடிந்தது என்றே நம் ஜனங்கள் எண்ணிவிடுகிறார்கள். அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. இருமலைக் காசமென்று கருதி மாதக்கணக்கில் மாத்திரை தின்று, கடைசியில் படம் எடுத்துப் பார்க்கும்போது வியாதி முற்றிப் போயிருக்கும். பீடி, சுருட்டைத் தொட்டே அறியாத பெண்களுக்கும் இது வருகிறது. விறகடுப்புப் புகைக்கும் இதில் பங்குண்டு.

புற்று அணுக்கள் வெளியிலிருந்து வந்தவை அல்ல. நம் உடம்பின் சொந்த அணுக்களே கெட்டுப்போனவை. 'வீட்டு ஆள்தானே' என்று காவல்காரன் சும்மா இருந்துவிடுவதுபோல், ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் அவற்றை விட்டுவிடுகின்றன. அந்தக் காவலைத் தட்டி எழுப்புவதே புது வைத்தியம். இந்த வழியைக் காட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் உடம்பு முழுவதும் காவலை உசுப்பிவிட்டால், வேலியே பயிரை மேய்ந்த கதையாக, நல்ல நுரையீரலும் குடலும் வெந்துபோவதுண்டு. ஆகவேதான் விஞ்ஞானிகள் நுண்துகளை நாடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அத்தகைய நூறு கூறு அளவேயுள்ள கொழுப்புத் துகளுக்குள் மருந்தையோ, புற்றின் அடையாளத்தையோ அடைத்து, வெள்ளையணுக்கள் விழுங்கும்படி கொடுப்பது யுக்தி. கொரோனாத் தடுப்பூசிகள் சிலவற்றில் கையாண்ட அதே யுக்திதான். நுரையீரல் புற்றுக்கு இவ்வகை ஊசியொன்றை பிரிட்டன், ஜெர்மனி உள்ளிட்ட ஏழு நாடுகளில் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். அந்த ஏழில் இந்தியா இல்லை.

இத்துறையில் நாம் ஒன்றும் கற்றுக்குட்டிகள் அல்ல என்பதால்தான் இது உறுத்துகிறது. டாக்டர் ஜி.பி. தல்வார் தொழுநோய்க்கென உருவாக்கிய செத்த கிருமி ஊசி, திண்டிவனத்துக்கு வடக்கே செங்கல்பட்டு வட்டாரத்தில் 1990-களில் நடந்த பெரிய சோதனையில் இடம்பெற்றது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல் பங்கெடுத்த அந்தச் சோதனையில் வேறு ஊசிகள் இதனை விஞ்சின. ஆயினும் அதே கிருமி, காவலை எழுப்பும் குணத்துக்காகப் பின்னர் நுரையீரல் புற்று நோயாளிகளுக்கும் செலுத்தப்பட்டது. மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை; 'ஸ்குவாமஸ்' என்ற ஒரு வகைப் புற்றில் மட்டும் பலன் தென்பட்டது. பெரிய வெற்றி என்று மார்தட்ட முடியாதுதான். ஆனால் தொழுநோய் ஊசியைப் புற்றுக்கும் போட்டுப் பார்க்கலாம் என்ற துணிவு நம் நாட்டில் பிறந்ததே!

விலைக்கு வருவோம். தலை, கழுத்துப் புற்றுக்கு மேல்நாட்டார் விதிக்கும் புது மருந்துகள், ஏழை, நடுத்தர நாடுகளில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூடக் கிட்டுவது அருமை. பம்பாய் டாடா ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நிவோலுமாப் என்னும் மருந்தை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் மட்டும் மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 16 சதவிகிதத்திலிருந்து 43 சதவிகிதமாக உயர்ந்தார்கள். 2022-ல் வெளியான இம்முடிவு, எங்கோ நிர்ணயித்த அளவை நாம் ஏன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டும் என்ற கேள்வியை எழுப்பிவிட்டது. அது நுரையீரல் புற்றல்ல என்பதையும் மறப்பதற்கில்லை.

குயிலாப்பாளையத்தில் முந்திரித் தோப்பில் கூலிவேலை செய்யும் ஒருவருக்குக் கோரிமேட்டு ஜிப்மர் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். தூரம் கிட்டே, மருந்தோ எட்டாத உயரம். நுண்துகள் மருந்து நாளை சந்தைக்கு வரும்போது அதன் விலையும் அளவும் பிற நாட்டு நோயாளிகளைக்கொண்டே தீர்மானமாகியிருக்கும். அதற்கு முன்பே ஜிப்மரும் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் சோதனைகளில் இடம்பெற வேண்டும். செலவை மத்திய, மாநில சர்க்கார்கள் ஏற்க வேண்டும். புனா நகரத்துக் கம்பெனியொன்று கொரோனாவுக்கு இதே கொழுப்புத் துகள் ஊசியைத் தயாரித்து 2022-ல் அனுமதியும் பெற்றது. செய்யத் தெரியாது என்ற சாக்கு இனி செல்லாது.