இடுப்பு வலி: மாத்திரை தோட்டத்தில், ஊசி பட்டணத்தில்

ரப்பர் மரத்தின் புதுப் பட்டையில் வெட்டு நெஞ்சளவு உயரத்தில் தொடங்கும். ஆண்டுக்காண்டு அது கீழிறங்க, பால் வெட்டுகிறவரின் இடுப்பும் கூடவே வளையும். கடைசியில் வேரடியில் குந்தித்தான் வெட்ட வேண்டும். நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், பகாவ் பக்கத் தோட்டங்களில் அப்படி வளைந்த முதுகுகளுக்கு இன்று அறுபது, எழுபது வயது. செம்பனை வந்த பிறகும் நிமிர வழியில்லை. குலையைத் தூக்க வேண்டும், உதிரிப் பழத்தைக் குனிந்து பொறுக்க வேண்டும்.

வலிக்கு மருந்தென்றால் பொன்ஸ்டான், வோல்டரன், மேலுக்கு ஒரு தைலம். நாலு நாளைக்கு என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவை இரண்டும் இல்லாத முதியவரைத் தோட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அக்குபங்சருக்காக நான் பேசுவது இதனால்தான்; ஊசி அற்புதம் செய்யும் என்பதால் அல்ல. 2007இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முறைப்படி ஊசி குத்திக்கொண்டவர்களில் 47.6 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. அக்குபங்சர் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2. மருந்தும் உடற்பயிற்சியுமான வழக்கமான சிகிச்சையில் 27.4தான். ஊசி கிடைக்காத ஏமாற்றமும் இந்தக் கடைசி எண்ணில் கலந்திருக்கலாம். எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன் என்பது சீன வைத்தியக் கோட்பாட்டுக்குச் சங்கடம். வலி குறைந்தவருக்கு என்ன சங்கடம்?

நிபுணர்களும் ஒத்துப்போகவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2016இல் இடுப்பு வலிக்கு ஊசி வேண்டாம் என்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு அதை நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டது. ஆனால் கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ இந்த வாதமெல்லாம் வேண்டாம்; நேரே சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் அக்குபங்சர் தரும் பாரம்பரிய மருத்துவப் பிரிவு 2007இல் கெப்பாலா பத்தாசில் தொடங்கியது; போர்ட்டிக்சனிலும் உண்டு. ஆனால் ஊசி ஒரு தடவையோடு முடிகிற வேலையல்ல. ஜெர்மனியில் வாரம் இருமுறை, பத்துத் தடவை குத்தினார்கள். பகாவிலிருந்து ஒருவர் பத்துத் தடவை மாநிலத்தையே குறுக்கே கடந்து போர்ட்டிக்சன் போய் வர, பஸ் காசும் பறிபோகும் நாள் சம்பளமும் யார் கொடுப்பது? மாத்திரையோ சட்டைப் பையிலேயே வந்துவிடுகிறது.

வாரத்தில் ஒருநாள் ஊசிச் சிகிச்சையைத் தோட்ட வட்டாரக் கிளினிக்குகளுக்கே கொண்டுவர சுகாதார அமைச்சால் முடியும். குலைச் சுமையைக் குறைப்பது மட்டும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்கு எந்த ஊசியும் ஈடாகாது.