பேராக் இடைநிலைப்பள்ளிகளின் தரத்தை அளக்கும் முறை குறித்த கோரிக்கை மனு

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பேராக் மாநிலக் கல்வி இலாகா, ஈப்போ.

நகல்: கிந்தா உத்தாரா, கோலகங்சார் மாவட்டக் கல்வி அலுவலகங்கள், பேராக் மந்திரி பெசார் அலுவலகம்.

அனுப்புநர்: ஈப்போ, சிம்மோர், சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப் பெற்றோர் சங்கத்தினர்.

நாள்: அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

புந்தோங் தொடங்கி சுங்கை சிப்புட் வரை வாழும் பெற்றோர்கள் இந்த மனுவில் கையெழுத்திட்டுள்ளோம். எங்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள், அல்லது அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் தாமான்கள் எழும்பியபோது நகரத்தின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்தோம். தொழிற்சாலை, லோரி, காவல் வேலை, சிறு கடை என்று பிழைக்கிறோம். எங்கள் பிள்ளைகள் முதல் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆகவே ஆறாம் ஆண்டை முடிக்கும் எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு அருகிலுள்ள தேசிய இடைநிலைப்பள்ளிக்குத்தான் வருகிறார்கள். அந்தப் பள்ளி நல்ல பள்ளியா என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. இன்று அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை எங்களுக்குப் போதவில்லை.

நாங்கள் வேண்டுவது இதுதான். ஓர் இடைநிலைப்பள்ளியின் தரத்தை, அதில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேரை அது ஐந்தாம் படிவம் முடியும்வரை தக்கவைத்துக்கொண்டது, சேர்ந்த நாளில் இருந்த நிலையிலிருந்து அவர்களை எவ்வளவு உயர்த்தியது என்பதைக் கொண்டு அளக்க வேண்டும். அந்த அளவு பெற்றோர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது தரம் எப்படிப் பேசப்படுகிறது என்பதை இயக்குநர் அவர்கள் அறிவீர்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்த வாரத்தில் பள்ளி வேலியில் பதாகை தொங்கும். எல்லாப் பாடங்களிலும் ஏ எடுத்த பத்துப் பதினைந்து பிள்ளைகளின் படங்கள் அதில் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். அவர்களில் எங்கள் பிள்ளைகளும் உண்டு. ஈப்போவில் நல்ல பள்ளி என்றால் 1895இல் தொடங்கிய ஏசிஎஸ், 1907இன் கான்வென்ட், 1909இன் ஆண்டர்சன், 1912இன் செயின்ட் மைக்கேல் என்றுதான் இன்றும் மக்கள் வாய் சொல்லும். அவை பெருமைக்குரிய பள்ளிகள். ஆனால் பழம்பெயர் பெற்ற பள்ளிகளை நாடி வரும் பிள்ளைகள் பலர் தொடக்கப்பள்ளியிலேயே நன்றாகப் படித்தவர்கள். சிம்மோருக்கு அப்பால் ஒரு பள்ளி, மலாய்ப் பத்தியைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளையை ஐந்தாண்டில் எஸ்பிஎம் சான்றிதழுக்குத் தகுதிபெறச் செய்கிறது என்றால், அந்தப் பள்ளியின் பெயரை யார் சொல்கிறார்கள்? சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். வீட்டில் மலாய் பேசாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஏற்றம் என்பதை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்கள் அறிவார்கள். அப்படி ஏற்றிவிடும் ஆசிரியர்களுக்குப் பதாகை இல்லை.

பதாகையைவிட எங்களைக் கவலைகொள்ள வைப்பது பள்ளிச் சராசரித் தரப்புள்ளி. இதில் ஏ பிளஸ்ஸுக்கு 0, ஏ-வுக்கு 1 என்று தொடங்கித் தோல்வியான ஜி-க்கு 9 வரை புள்ளி உண்டு. எண் குறையக் குறையத் தரம் உயர்வு என்று பொருள். தேசியச் சராசரி 2022இல் 4.74, 2023இல் 4.60, 2024இல் 4.49 என்று தொடர்ந்து மேம்பட்டிருக்கிறது. நாட்டின் ஆசிரியர்கள் உழைத்திருக்கிறார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் இந்தக் கணக்கு தேர்வு எழுதியவர்களை மட்டுமே எண்ணுகிறது. ஒரு பாடத்தைப் பத்துப் பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்கு பி, அதாவது தலைக்கு 4 புள்ளி. இருவருக்கு ஜி, தலைக்கு 9. மொத்தம் 50; சராசரி 5.0. அந்த இருவரும் தேர்வுக்கே வராமல் போனால் மொத்தம் 32, எட்டால் வகுக்க 4.0. எந்தப் பிள்ளையும் ஒரு வரி கூடுதலாகக் கற்கவில்லை. இரண்டு பிள்ளைகள் காணாமல் போயிருக்கிறார்கள். பள்ளியின் தரம் ஒரு முழுப் புள்ளி உயர்ந்துவிட்டது.

இப்படிக் காணாமல் போகும் பிள்ளைகளை நாங்கள் பெயர் சொல்லி அறிவோம். மூன்றாம் படிவத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் விடுப்பு, நான்காம் படிவத்தில் கார் கழுவும் கடை அல்லது உணவுக்கடை வேலை, ஐந்தாம் படிவத்தில் பெயர் மட்டும் பதிவேட்டில். எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றில், தேர்வுக் காலம் நெருங்கியபோது பலவீனமான மாணவர்களின் வருகையைப் பற்றி யாரும் வீட்டுக்கு அழைத்துக் கேட்கவில்லை. அது திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை வராமல் போவது பள்ளியின் எண்ணுக்கு ஆதாயமாக அமையும் முறை எந்த நல்ல ஆசிரியரையும் சோதிக்கும். அந்தச் சோதனையை நீக்கும் பொறுப்பு இலாகாவுக்கு உண்டு.

2022ஆம் ஆண்டின் பீசா அனைத்துலக மதிப்பீட்டில் நம் நாட்டின் 15 வயது மாணவர்கள் வாசிப்பில் பெற்றது 388 புள்ளி. 2018இல் அது 415. பெரும்பாலும் அதே வயதினரே 2023ஆம் ஆண்டின் எஸ்பிஎம் எழுதினார்கள். அந்த ஆண்டுத் தேசியச் சராசரி முந்தைய ஆண்டைவிட மேம்பட்டது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஒரே தலைமுறையைப் பற்றி இரண்டு எண்கள் இவ்வளவு வேறாகப் பேசும்போது, ஒன்றை மட்டும் வேலியில் தொங்கவிடுவது போதாது.

இன்னொரு மாற்றத்தையும் கருத வேண்டும். ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும் மூன்றாம் படிவத்தின் பிடி3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. பிள்ளைகளின் சுமை குறைந்ததை நாங்கள் வரவேற்கிறோம். அவற்றைத் திரும்பக் கொண்டுவரும்படி கேட்கவில்லை. ஆனால் ஏழு வயதில் பள்ளிக்குப் போகும் பிள்ளை 17 வயதில் எஸ்பிஎம் எழுதும்வரை நாடு முழுதும் ஒரே அளவில் திருத்தப்படும் தேர்வு எதையும் காண்பதில்லை. இடையில் கைக்கு வருவது வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலை, 1 முதல் 6 வரை. மூன்றாம் நிலை என்று தாளில் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டு, நான்காம் படிவத்தில் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத வராது என்று அறிந்து அதிர்ந்த தாய்மார்கள் எங்களிடையே இருக்கிறார்கள்.

ஆகவே முதல் கோரிக்கையாக, படிவம் ஒன்றில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் மாதத்திலேயே மலாய், ஆங்கிலம், கணிதம் ஆகிய மூன்றிலும் மாநில அளவில் ஒரே மாதிரியான தொடக்கநிலைக் கணிப்பு நடத்தப்பட வேண்டும். வகுப்புகளைத் தரம்பிரிக்கவோ பிள்ளையை முத்திரை குத்தவோ இதைப் பயன்படுத்தக்கூடாது. அதே பிள்ளைகள் மூன்றாம் படிவத்திலும் ஐந்தாம் படிவத்திலும் எங்கே நிற்கிறார்கள் என்று ஒப்பிட்டு, பள்ளி தந்த முன்னேற்றத்தைக் கணக்கிட இது அடிப்படையாகட்டும். இங்கிலாந்தில் 2016 முதல் இடைநிலைப்பள்ளிகளை ‘புரோகிரஸ் 8’ என்ற முறையில் இப்படித்தான் கணக்கிட்டார்கள்: தொடக்கப்பள்ளி முடிவில் இருந்த நிலையையும் 16 வயதில் எட்டுப் பாடங்களில் எட்டிய நிலையையும் ஒப்பிட்டார்கள். கொரோனாவால் தொடக்கப்பள்ளித் தேர்வு நடக்காத பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கைப் போட முடியாமல் போனது. தொடக்கப்புள்ளி இல்லையேல் முன்னேற்றத்தை அளக்கவே முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பேராக் அந்தத் தொடக்கப்புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதும் முதலாவதற்குச் சற்றும் குறையாததுமான கோரிக்கை: ஒவ்வொரு பள்ளியும் படிவம் ஒன்றில் சேர்ந்தோர் எண்ணிக்கையையும், அவர்களில் எஸ்பிஎம் முழுமையாக எழுதியோர், வேறு பள்ளிக்கோ தொழிற்கல்லூரிக்கோ மாறியோர், படிப்பை விட்டோர் எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து, படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு புதுமுக வகுப்புக்கு அனுப்பப்படும் மாணவர்களின் கணக்கைத் தனியாகக் காட்ட வேண்டும். அவர்கள் 18 வயதில்தான் எஸ்பிஎம் எழுதுகிறார்கள். தம் வயதுத் தோழர்கள் சம்பளம் வாங்கத் தொடங்கும் வேளையில் பள்ளிச் சீருடையில் உட்காருவது அவர்களுக்கு எளிதில்லை, விட்டுப்போக அவர்களுக்குத்தான் காரணம் அதிகம். 2025இல் மக்களவை இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியுள்ளது. 2003இல் தொடக்கக் கல்வி கட்டாயமானபோது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் அபராதத்துக்கும் சிறைக்கும் உள்ளாகலாம் என்று சட்டம் சொன்னது. பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் தகப்பன் பதில் சொல்ல வேண்டும் என்றால், வந்த பிள்ளை எங்கே போனான் என்று பள்ளியும் பதில் சொல்வதே நியாயம்.

பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி ஒன்று, இரண்டு என்று அச்சிடும்படி நாங்கள் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் மாநில முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் நெடுநாள் வழக்கத்தை 2017இல் அரசே நிறுத்தியது. இங்கிலாந்தில் பள்ளிக்கு ஒரே சொல்லில் மதிப்பீடு வழங்குவது 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. ஒரு பள்ளியை ஒற்றை எண்ணுக்குள் அடக்கினால் ஆசிரியர்களும் பிள்ளைகளும்தான் அடிபடுகிறார்கள். நம் அமைச்சு 2017இல் கொண்டுவந்த கல்வித் தர அளவுகோலின் இரண்டாம் அலையே தலைமைத்துவம், நிர்வாகம், பாடத்திட்டமும் மாணவர் நலமும், கற்றல் கற்பித்தல், மாணவர் உருவாக்கம் என ஐந்து கூறுகளாகப் பள்ளியைப் பார்க்கிறது. அது நல்ல அளவுகோல். ஆனால் அந்த அறிக்கை பெற்றோர் கைக்கு வருவதில்லை. அதன் சுருக்கத்தை மலாயுடன் தமிழிலும் சீனத்திலும் இரண்டு பக்கத்தில் தந்தாலே எங்கள் மூன்றாவது கோரிக்கை நிறைவேறும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதை வைத்துப் பேச வேண்டும். வேலை நாளின் காலையில் கூட்டம் வைத்தால் நாள்கூலிக்காரர் வரமுடியாது என்பதையும் கருணையோடு கருத வேண்டுகிறோம்.

அந்த இரண்டு பக்கத்தில் சில எளிய உண்மைகள் இடம்பெற வேண்டும். இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றுக்கு அந்தப் பாடம் படித்த ஆசிரியர் இருக்கிறாரா? அறிவியல், கலை என்ற பிரிவுகள் 2020 முதல் நீக்கப்பட்டு, பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஆனால் தேர்ச்சி வரிசையில் கடைசி வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு எந்தத் தொகுப்பு உண்மையில் திறந்திருக்கிறது? தாளில் இருக்கும் தேர்வுரிமை வகுப்பு வரிசையால் பறிபோகிறதா என்பதை நாங்கள் அறிய வேண்டும்.

தமிழ்மொழிப் பாடம் பற்றித் தனியாகச் சொல்கிறோம். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை மீறி யாரும் மறுப்பதில்லை. ஆனால் வகுப்பைப் பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையிலோ வைத்தால், வேன் போய்விட்ட பிள்ளைக்கு அது மறுப்பேதான். ஆறாண்டு தமிழில் சிந்தித்துப் பழகிய பிள்ளை ஒரு பாடத்திலாவது தலைநிமிர்ந்து நிற்க இடம் வேண்டும். தமிழ் பாட அட்டவணைக்குள் வர வேண்டும். கேட்ட 15 பேரும் கிடைத்த வகுப்பும் பள்ளி அறிக்கையில் பதிவாக வேண்டும். தமிழ் இலக்கியத்தை எஸ்பிஎம்முக்கு எடுக்க விரும்புவோருக்கு வட்டாரத்துக்கு ஒரு மையப் பள்ளியை ஏற்பாடு செய்ய இயலுமா என்றும் ஆராய வேண்டுகிறோம்.

வேனைச் சொன்னோம். இது சிறு விவகாரம்போல் தோன்றும். தோட்டப்புறத்திலிருந்தும் எட்டத்துக் குறைந்த விலை வீடுகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் விடியுமுன் வேன் ஏறுகிறார்கள். பள்ளி விட்டதும் அதே வேன் புறப்பட்டுவிடும். புறப்பாட நடவடிக்கைகள் பிற்பகலில் நடக்கின்றன. இரண்டாம் முறை வேன் வைக்க மாதக் கட்டணத்தோடு மேலும் பணம் வேண்டும். அதனால் அந்தப் பிள்ளை சாரணியரில் இல்லை, திடல்தடப் போட்டியில் இல்லை, எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை. அரசு உயர்கல்விக்கூட விண்ணப்பத்தில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் உரியது. பேருந்து இல்லாத குறைக்காக ஒரு பிள்ளை அந்தப் பத்து விழுக்காட்டைப் படிவம் ஒன்றிலிருந்தே இழந்துகொண்டு வருகிறது. எட்டத்திலிருந்து வரும் மாணவர்கள் உள்ள பள்ளிகளில் வாரம் ஒரு நாள் மாலைப் பேருந்துக்கு நிதி ஒதுக்கும்படியும், அது முடியாத இடங்களில் புறப்பாடத்தைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவரும்படியும் கேட்கிறோம்.

எங்கள் மூதாதையருக்குப் பள்ளி என்பது கருணையாக வரவில்லை. கோலகங்சாரில் 1877இல் ஊன்றிய ரப்பர் கன்றுகளிலிருந்து அவர்கள் உழைத்த பெருந்தொழில் வளர்ந்தது. ஏழு முதல் 14 வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்திய பிறகே பல தோட்டங்களில் பள்ளி முளைத்தது. பள்ளி இருக்கிறதா என்பதுதான் அன்றைய கணக்கு. கங்காணியோ கிராணியோ கற்பித்தால் போதும். என்ன கற்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் சேமிப்பில் தோட்டங்களை வாங்கினார். நிலத்துக்காக மாதந்தோறும் பத்து வெள்ளி கட்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய கணக்கும் பள்ளி இருக்கிறது, இடம் கிடைத்தது என்பதோடு நின்றுவிடக்கூடாது.

ஈப்போவின் உங்கு ஒமார் பொலிடெக்னிக் 1969 முதல் இருக்கிறது. நாட்டின் முதல் பொலிடெக்னிக் அதுவே. எங்கள் வீடுகளிலிருந்து அது தொலைவில் இல்லை. அங்கே விண்ணப்பிக்கத் தேவையான தேர்ச்சியோடு எத்தனை பேரை ஒரு பள்ளி அனுப்புகிறது என்பதையும், ஐந்தாம் படிவம் முடித்து ஓராண்டு கழித்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதையும் ஆலோசக ஆசிரியர் வழியாகத் திரட்டிச் சேர்க்கலாம். இதற்குப் புதிய ஊழியர்கள் வேண்டியதில்லை. முன்னாள் மாணவர்களைத் தேடிக் கேட்கும் வேலையில் எங்கள் சங்கம் உதவும்.

2026 ஜனவரியில் புதிய பள்ளி ஆண்டு தொடங்குகிறது. மாநிலம் முழுவதும் உடனே முடியாது என்றால், கிந்தா உத்தாராவிலும் கோலகங்சாரிலும் ஊர்ப்புறப் பிள்ளைகள் அதிகமுள்ள சில பள்ளிகளில் முதலில் தொடங்குங்கள். முதல்வர்களோடும் ஆசிரியர் சங்கங்களோடும் கலந்து பேசி முறையை வகுக்க வேண்டும். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இந்த எண்கள் பயன்படக்கூடாது என்ற உறுதியையும் எழுத்தில் தர வேண்டும். பின்தங்கி நிற்பதாகத் தெரியவரும் பள்ளிக்கு முதலில் போக வேண்டியவர்கள் கூடுதல் மலாய் ஆசிரியரும் ஆலோசகரும்தான்.

நவம்பர் மாத இறுதிக்குள் எங்கள் பேராளர்கள் ஐவரைச் சந்திக்க ஒரு மாலை நேரம் ஒதுக்கும்படியும், மேற்கண்ட கோரிக்கைகளில் இலாகா ஏற்பவை எவை, அமைச்சின் அனுமதி தேவைப்படுபவை எவை என்பதை எழுத்து வழியாகத் தெரிவிக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வட்டாரப் பெற்றோர்களின் கையெழுத்துத் தாள்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இவண்,
தலைவர், செயலாளர், செயலவையினர்
வட்டாரத் தமிழ்ப் பெற்றோர் சங்கம்