ஜல்லியின் முகத்தையும் அளக்க வேண்டும்

சாலைக்குப் போடும் ஜல்லியும் வீட்டு அம்மியும் ஒரு ஜாதிதான். அரைக்க அரைக்க அம்மி மழுங்கிவிடும், மிளகாய் வழுக்கும். அம்மி கொத்துகிறவரைக் கூப்பிடுவோம். சாலையில் பஸ், லாரிச் சக்கரங்கள்தான் குழவி. தாருக்கு மேலே முகம் காட்டும் கல்லை அவை இரவு பகலாகத் தேய்க்கின்றன. அந்தக் கல் மழுங்கிவிட்டதா என்று பார்ப்பது யார்?

கோபாலபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு புறம் கதீட்ரல் ரோடு. மறு புறம் லாயிட்ஸ் ரோடு, அதாவது இன்றைய அவ்வை சண்முகம் சாலை. சிக்னலிலும் பஸ் நிற்கும் இடத்திலும் ஓயாமல் பிரேக் போடுவதால் அங்கேதான் கல் சீக்கிரம் தேயும். ஐப்பசியின் முதல் தூறலில் தூசியும் எண்ணெயும் குழைந்ததும் சறுக்கி விழுவது யார்? காரில் போகிறவரா? ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளிதான்.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சர்க்காரின் கணக்கு. அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். மரணங்களில் நூற்றுக்கு 71-க்கு அதே கணக்கு மிகை வேகத்தைக் காரணம் காட்டுகிறது. வேகம் குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் விழுந்த இடத்துக் கல்லை அளக்காமல், விழுந்தவன் மீதே பழியை எழுதி முடிப்பது என்ன நியாயம்?

அளக்க முடியாத சங்கதியல்ல இது. ஊசல் போன்ற ஒரு கருவி. அதன் நுனியில் ரப்பர் துண்டு. நனைத்த சாலையை உரசிக்கொண்டு அது வீசிச் செல்லும். சொரசொரப்பான கல் என்றால் ஊசல் தடைபட்டுக் குறைவாக எழும்பும். வழவழப்பு என்றால் உயரப் போகும். சொரசொரப்பு கூடக் கூட எண்ணும் கூடும். சாலை போடுமுன்பே ஜல்லிக்கும் பரீட்சை உண்டு. மாதிரிக் கற்களைச் சக்கரத்தில் பதித்து, எமரித் தூளும் நீரும் விட்டு, ரப்பர் டயரால் மணிக்கணக்கில் தேய்த்த பிறகு அதே ஊசலால் அளக்கிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மேல்தளத் தார்க் கான்கிரீட்டுக்கு விதித்துள்ள குறைந்தபட்ச எண் 55.

"கல் கெட்டியான கல்" என்று காண்ட்ராக்டர் சொல்வார். பல்லாவரம் குன்றுகளில் முன்பு வெட்டிய கருங்கல்லும் கெட்டிதான். ஆனால் நொறுங்காத கல் வேறு, மழுங்காத கல் வேறு. ஒன்றில் தேறியது மற்றதில் தேறியதாகாது.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் இன்னொரு விஷயம். மழைநீர் டயருக்கு அடியிலிருந்து ஒதுங்க அதுதான் வழி. இதை அளக்க யந்திரம்கூட வேண்டாம். அளந்த மணலைக் கொட்டி வட்டமாகப் பரப்பினால் போதும். வட்டம் அகன்றால் பள்ளம் ஆழமில்லை என்று அர்த்தம். சாலை வேலை செய்யும் எந்தத் தொழிலாளியும் இதை ஒரே நாளில் கற்றுக்கொள்வார்.

கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆண்டுதோறும் மழைக்கு முன் சிக்னல்களிலும் வளைவுகளிலும் பஸ் நிறுத்தங்களிலும் கார்ப்பரேஷன் அளந்து, எண்களை வார்டு அலுவலகத்தில் தமிழில் எழுதி ஒட்டட்டும். புதுச் சாலையானால், ஜல்லியின் பரிசோதனைச் சீட்டு அங்கே ஒட்டப்படும்வரை காண்ட்ராக்டரின் பில்லை நிறுத்தி வைக்கட்டும்.