அரிசி டப்பாவில் ஒரு ரகசியம்

மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் ரகசியம் தங்காது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். ஆனாலும் என் மாமா பல வருஷங்களாக லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வந்தது அந்த வரிசையில் யாருக்கும் தெரியாது. அட்டை அரிசி டப்பாவுக்குள் இருக்கும். யாராவது பார்த்துவிட்டால் 'பிரஷர் மாத்திரை' என்று சொல்லிவிடுவார் அத்தை.

மாமா சுரங்கத் தொழிலாளி. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆழம் போன கோலார் தங்கவயல், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது வேலை போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். அவருடைய நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சில மாதங்கள் தூக்கமே கிடையாது. கடன் வாங்கி லாரி விடப்போவதாகச் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். பிறகு சில மாதங்கள் பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டார். பெங்களூரில் ஒரு டாக்டர் நோயைக் கண்டுபிடித்து லித்தியம் கொடுத்தார். மாமா தேறினார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, அரை நாள் காத்திருந்து, ஐந்து நிமிஷம் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு ஏப்ரல் மாதம் அவருக்கு இடுப்பு வலி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை ஒரு வாரம் சாப்பிட்டார். கை நடுங்கத் தொடங்கியது. நடை தள்ளாடியது. வாந்தி எடுத்தார், பேச்சு குழறியது. 'மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சுட்டார்' என்றது தெரு. அத்தையே பாதி நம்பிவிட்டார்.

இரண்டு வீடு தள்ளி ரிட்டையரான நர்ஸ் ஒருவர் இருந்தார். சத்தம் கேட்டு வந்தவர், மாமாவின் வாயை முகர்ந்து பார்த்தார். சாராய வாடை இல்லை. "அக்கா, அண்ணனுக்குப் புதுசா ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா? ஏற்கெனவே என்ன சாப்பிடறார்? மறைக்காமச் சொல்லுங்க" என்றார். அத்தை அரிசி டப்பாவை எடுத்து வந்தார். அட்டையைப் பார்த்ததும் நர்ஸ் சொன்னது இவ்வளவுதான்: "இந்த வேளை மாத்திரை வேணாம். ரத்தம் பார்க்கணும். இப்பவே கிளம்புங்க."

லித்தியம் அற்புதமான மருந்து, ஆனால் கண்டிப்பானது. ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்குச் சுமார் 0.6-லிருந்து 1 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் விஷம். வலி மாத்திரைகளில் பல, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைத் தடுக்கும். கோடையில் வியர்த்துத் தண்ணீர் குறைந்தாலும், திடீரென்று உப்பைக் குறைத்தாலும் அளவு ஏறும். மாமாவுக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. நேரத்துக்குப் போனதால் சிறுநீரகம் தப்பியது, மாமாவும் தப்பினார்.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். வலி மாத்திரை பற்றிய எச்சரிக்கை சீட்டில் இருந்தது, ஆங்கிலத்தில். டாக்டர் பார்ப்பது ஐந்து நிமிஷம். மாத்திரை வீட்டில் இருப்பது அறுபது நாள். அந்த அறுபது நாளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார் என்பதுதான் கேள்வி.

விடை தெரியாத கேள்வியல்ல இது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 1980-களின் தொடக்கத்திலேயே பை, கபூர் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மனச்சிதைவு நோயாளிகளில் ஒரு பிரிவினரை வார்டில் சேர்த்தார்கள். இன்னொரு பிரிவினர் வீட்டிலேயே இருந்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் வீடு தேடிப் போய் கவனித்தார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். குடும்பத்தின் சுமை குறைந்திருந்தது, செலவும் குறைவு. ஆய்வு உலகப் பத்திரிகைகளில் வந்தது. மாரிக்குப்பத்துக்கு ரயிலில் இரண்டு மூன்று மணி நேரம்தான். ஆனால் அந்த நர்ஸ் இன்னும் வந்து சேரவில்லை.

அமெரிக்காவில் 1965-லேயே கொலராடோவில் நர்ஸ்களுக்குக் கூடுதல் பயிற்சி தரும் முறை தொடங்கியது. இன்று அங்கே மனநலத்தில் தேர்ந்த நர்ஸ்கள் நோயைக் கணித்து மருந்தும் எழுதுகிறார்கள். பிரிட்டனில் 2006 முதல், தகுதி பெற்ற நர்ஸ்கள் பெரும்பாலான மருந்துகளைத் தாங்களே எழுதலாம். நம் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநல நர்ஸ் யார் என்று விளக்குகிறது. மருந்துச் சீட்டு டாக்டர் கையில்தான். அது இருக்கட்டும். சீட்டை யார் எழுதுவது என்ற சண்டை முடியும் வரை, எழுதிய சீட்டைக் கவனிக்கவாவது ஆள் வேண்டாமா?

அதுவும் தங்கவயலில்! பாறைத் தூசி தின்ற நுரையீரல்கள் உள்ள ஊர் இது. சிலிகோசிஸ் வந்தவர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், பல மனநல மருந்துகளின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும்; அடங்கியிருந்த நோய் திரும்பலாம். தூக்க மாத்திரை, கெட்டுப்போன நுரையீரலின் மூச்சை இன்னும் மந்தமாக்கும். மகனுக்கோ வேறு கஷ்டம். விடியுமுன் பெங்களூருக்கு ரயில் பிடிக்க வேண்டியவனுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மயக்கும் மாத்திரை கொடுத்தால், ஒரு வாரத்தில் அவனே நிறுத்திவிடுவான். அதையே எட்டு மணிக்குச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்ல ஒருவர் இருந்தால் தொடர்வான். ஆளுக்கேற்ற வைத்தியம் என்பது இதுதான். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வீட்டையும் வேலையையும் தெரிந்த, தமிழில் பேசுகிற ஒரு நர்ஸ் போதும்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியது. 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வு, மனநோய்க்கு ஏற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. 2022-ல் வந்த டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் தொலைபேசியால் வாயை முகர்ந்து பார்க்க முடியாது. அரிசி டப்பாவைத் திறக்கவும் முடியாது.

சுரங்கம் ஓடிய காலத்தில் கம்பெனிக்கென்று இங்கே பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. சுரங்கத்தோடு அதுவும் மூடிக்கிடந்தது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது, தொண்டர்கள் புதர் வெட்டி, கூட்டிப் பெருக்கி, அதைச் சிகிச்சைக்குத் தயார் செய்தார்கள். மூச்சு முட்டினால் கட்டடத்தையே எழுப்பிவிடுகிற ஊர் இது. மனசு முட்டும்போதுதான் கதவைச் சாத்திக்கொள்கிறது.

மாமா இன்று இல்லை. நோயால் அல்ல, வயதால் போனார். அந்த ஏப்ரலுக்குப் பிறகு மாத்திரை அட்டை டப்பாவுக்குள் போகவில்லை. ஜன்னல் பக்கம், சாமி படத்துக்குக் கீழே இருந்தது. மாதம் ஒருமுறை அந்த நர்ஸ் வந்து எண்ணிப் பார்ப்பார். அதற்கு அவர் காசு வாங்கியதில்லை. வாங்க வேண்டிய வேலை அது. கொடுக்க வேண்டியது அரசாங்கம்.