காற்பந்துக் கழகமும் தேவதானமும்

பட்டாவும் பத்திரமும் இன்றியே ஊரார் தமதென்று உரிமை பாராட்டும் பொருள்கள் சில உண்டு. ஊர்க் கண்மாயும், மந்தையும், தேரோடும் தெருவும் அத்தகையன. இக்காலத்தில் காற்பந்துக் கழகமும் அவ்வரிசையிற் சேர்ந்துவிட்டது. ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. கண்மாயைக் கூறுபோட்டு விற்பாரில்லை; கழகத்தையோ விற்கலாம், வாங்கலாம், கைவிடவும் செய்யலாம்.

சென்ற விடுமுறையில் யாம் எம் ஊராகிய தேவதானத்திற்குச் சென்றிருந்தோம். இராசபாளையத்தை அடுத்து, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. மாலையில் ஆடி முடித்த இளைஞர் கண்மாய்க் கரையில் அமர்ந்து ஒரு வழக்கை விவாதித்துக்கொண்டிருந்தனர். அமெரிக்கச் செல்வர் ஒருவர் நம் தமிழ்நாட்டுக் கழகமொன்றில் பங்கு வாங்கினால் என்ன ஆகும்? மாஞ்செஸ்டர் யுனைடெட் கழகத்தின்பாற் பற்றுடைய ஒருவன், “கடனை நம் தலையில் கட்டிவிட்டுப் போவார்” என்றான். லிவர்பூல் அன்பனொருவன், “கோப்பைகளைக் குவிப்பார்” என்றான். மூன்றாமவன் ஒன்றும் பேசவில்லை. அவன் சென்னை சிட்டி கழகத்தின் அன்பன். 2019-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள், சிறுவனாகத் தன் மாமனுடன் பேருந்தேறிக் கோயமுத்தூர் நேரு விளையாட்டரங்கிற்குச் சென்று, அக்கழகம் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று ஐ-லீக் பட்டம் சூடியதைக் கண்டவன். அன்று வாங்கிய சட்டை இன்றும் அவனிடம் உண்டு. அதை அணிந்து காண்பதற்கு ஆட்டந்தான் இல்லை.

அவன் மௌனத்திலேதான் இப்பொருளின் உண்மை அடங்கியுள்ளதென்பது எம் கருத்து. வருகிறவர் எத்துணைச் செல்வர், எந்நாட்டார் என்று நாம் கேட்கின்றோம். அவர் வருமுன் நாம் எதனை விலைக்கு அப்பாற்பட்டதாக வைத்தோம் என்று கேட்பதில்லை.

சென்னை சிட்டியின் வரலாறு சிறிது நினைக்கத் தக்கது. பட்டம் வென்ற அவ்வாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் கழகம் அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. பழம்பெருமை வாய்ந்த ஐரோப்பியக் கழகமொன்று நம் கழகத்தின் கைபற்றியதே என்று அன்பர் யாவரும் மகிழ்ந்தனர். இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 2021-இல் சென்னை சிட்டி ஐ-லீக்கில் தன் இடத்தை இழந்தது. அதே ஆண்டில் பாசல் கழகமே, ஆதரவாளரின் பெருங் கிளர்ச்சிக்குப்பின், வேறு கைக்கு மாறிற்று. சுவிட்சர்லாந்துப் பணத்தால் இக்கேடு விளைந்ததென்று யாம் கூறவில்லை. அயலார் பங்கு ஒரு கழகத்தைக் காக்கும் அரணாகிவிடாது என்ற அளவே கூறுகின்றோம். வீட்டுக்காரனே தடுமாறும்போது விருந்தினன் தூணாக நிற்பதில்லை.

இனி அமெரிக்கர் செய்தியை நோக்குவோம். 2005-இல் கிளேசர் குடும்பத்தார் மாஞ்செஸ்டர் யுனைடெட் கழகத்தை ஏறத்தாழ 79 கோடி பவுனுக்குக் கைக்கொண்டனர். அத்தொகையிற் பெரும்பகுதி கடன். அக்கடனிற் பெரும்பங்கு, அதுகாறும் கடனறியாதிருந்த கழகத்தின் மேலேயே ஏற்றப்பட்டது. அதன்பின்னும் சில ஆண்டுகள் வெற்றிகள் குறையவில்லை. 2008-இல் ஐரோப்பாவின் தலைமைப் பட்டமும் கிட்டிற்று. ஆயினும் மனம் பொறாத அன்பர் சிலர் பிரிந்து, தமக்கே உரிய கழகமொன்றை 2005-ஆம் ஆண்டிலேயே நிறுவிக்கொண்டனர்.

லிவர்பூலின் கதை வேறு. 2010-இல் பாஸ்டன் நகரத்துச் செல்வர் குழுவினர் 30 கோடி பவுனுக்கு அக்கழகத்தை வாங்கினர். முப்பதாண்டுக் காத்திருப்பின்பின் 2020-இல் நாட்டுப் பட்டம் வந்தது. அக்குழுவினர் திறமையாளர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2021 ஏப்பிரல் 18-இல், ஆதரவாளரை ஒரு சொல்லும் கேளாமல், செல்வக் கழகங்கள் மட்டுமே கூடும் ஐரோப்பியத் தனிப்போட்டி ஒன்றிற் சேர்ந்ததாக அவர்களும் அறிவித்தனர். தெருவெங்கும் எதிர்ப்பு எழுந்தது. இரண்டே நாளில் விலகினர். பின்னர் மன்னிப்பும் வேண்டினர். நல்ல உடைமையாளரும் கழகத்தைத் தம் உடைமையாகவே காண்பர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதனை அவர்கள் குற்றம் என்பதினும் வழக்கம் என்பதே பொருந்தும். அமெரிக்க நாட்டில் விளையாட்டுக் குழுவென்பது ஓர் உரிமச் சரக்கு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியார் உயிரெனப் போற்றிய டாட்ஜர்ஸ் பேஸ்பால் குழு, 1957-ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும், நாட்டின் மறுகோடியிலுள்ள லாஸ் ஏஞ்சலீசு நகருக்குக் குடிபெயர்ந்தது. ஊர் மாறினும் குழு குழுவே என்பது அவர் எண்ணம். ஊர் இன்றேல் குழு ஏது என்பது நம் எண்ணம்.

நிற்க. “அயலார் பணத்தால் எழுந்த கல்விக்கூடத்தில் அமர்ந்துகொண்டு அயலார் பணத்தைப் பழிப்பது தகுமோ?” என்று நண்பர் சிலர் எம்மை வினவலாம். நேரிய வினாவே அது. 1881-இல் பசுமலையில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய கல்லூரியே பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. முகமறியாத அமெரிக்கச் சபையார் காணிக்கைத் தட்டில் இட்ட சிறு காசுகள் நம் மாவட்டங்களில் எத்தனையோ ஏழை மாணவர்க்குக் கல்விக் கண் திறந்தன. அதனை மறப்பது நன்றிகேடு. ஆயின் அப்பணம் கொடை. கொடுத்தவர் ஆதாயப் பங்கு கேட்டதில்லை. முதலீடோ ஊதியம் நாடுவது. அது நாடுவதும் பாவமன்று. பாலுக்காகப் பசு வளர்ப்பவனை யார் குறை கூறுவர்? அவனை அறங்காவலன் என்று நாம் மயங்குவதே பிழை.

அறங்காவல் என்றதும் எம் ஊர்ப்பெயர் நினைவிற்கு வருகின்றது. தேவதானம் என்பது இறைவனுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல்; சோழர் காலக் கல்வெட்டுகளில் பயில வழங்குவது. யாம் கிறித்தவரேனும் இச்சொல்லின் பொருளழகு எம்மை ஈர்க்கின்றது. அந்நிலத்தை உழுபவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் மற்றொருவர், மேற்பார்வை செய்பவர் வேறொருவர். விளைச்சலில் அவரவர்க்கு உரியது உண்டு. ஆனால் நிலத்தை விற்க அவருள் எவர்க்கும் தாமாக உரிமையில்லை. ஒரு கழகத்திலும் இத்தகைய தேவதானப் பங்கு ஒன்று வேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.

அது கனவன்று; கணக்கு. நம் நாட்டுக் கம்பெனிச் சட்டப்படி ஒரு நிறுவனத்தின் பெயரை மாற்றவும், பதிவு அலுவலகத்தை வேற்றூர்க்குக் கொண்டுபோகவும் சிறப்புத் தீர்மானம் வேண்டும்; அதற்கு அளிக்கப்படும் வாக்குகளில் முக்காற்பங்கு வேண்டும். ஆகவே 26 விழுக்காடு உடையார் ஒருவர் ஒப்பாவிடின் அம்மாறுதல் நிறைவேறாது. பாசல் கழகம் வாங்கியதும் அதே 26 தான்! எங்கிருந்தோ வந்தவர் வாங்கக் கூடிய அத்தடையுரிமையை, ஆண்டு முழுதும் வெயிலில் அமர்ந்து கைதட்டும் அன்பர் ஓர் அறக்கட்டளையாகக் கூடிப் பெறலாகாதோ? எஞ்சிய 74-ஐ அமெரிக்கர் வாங்கட்டும், அரபியர் வாங்கட்டும். அவர் திறமையால் கழகம் ஓங்கட்டும். பெயரையும் ஊரையும் மட்டும் ஆதரவாளரைக் கேளாமல் தொடலாகாது.

பிற நாட்டார் இவ்வழியில் முன்னே நடந்துவிட்டனர். செருமானியர் 1998 முதல், வாக்குரிமையிற் பாதிக்கு மேல் ஒரு வாக்கேனும் உறுப்பினர் சங்கத்திடமே இருத்தல் வேண்டும் என விதித்துள்ளனர். வேல்சு நாட்டு ரெக்சம் கழகத்தை மீட்க 2011-இல் அன்பர்கள் ஒரே நாளில் ஓரிலக்கம் பவுனுக்கு மேல் திரட்டினர். அவ்வாண்டிலேயே கழகம் அவர்கள் கைக்கு வந்தது. 2020-இல் வட அமெரிக்க நடிகர் இருவர் அதனை வாங்க விழைந்தபோது, ஆதரவாளர் அறக்கட்டளையின் வாக்கெடுப்பிற்கு உட்பட்டே வந்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டோர் இசைந்தனர். 2023, 2024, 2025 என மூன்றாண்டுகள் அடுத்தடுத்து அக்கழகம் மேல்நிலை எய்தியது. செல்வர் வந்தமை மட்டுமன்று, கேட்டு வந்தமையும் அவ்வாழ்விற்கு அழகு சேர்த்தது. இங்கிலாந்திலோ 2025-ஆம் ஆண்டுச் சட்டம், கழகத்தின் சின்னத்தையும் சட்டையின் நிறத்தையும் மாற்றுதற்கு ஆதரவாளரின் இசைவு வேண்டும் என்றே கூறிவிட்டது.

“அறக்கட்டளை அமைத்திருந்தால் சென்னை சிட்டி பிழைத்திருக்குமோ?” என்று கேட்பின், உறுதி கூற எம்மால் இயலாது. தடையுரிமை கடனைத் தீர்ப்பதில்லை. ஆனால் பங்குடையார்க்குக் கணக்கு காட்ட வேண்டும். நோய் முற்றுமுன் செய்தி எட்டும். ரெக்சம் அன்பரைப்போல் உண்டியலேந்தித் தெருவில் இறங்கவேனும் காலம் இருக்கும். கண்மாய்க் கரையில் மௌனமாயிருந்த எம் நண்பனுக்கு அக்காலம் கிட்டவில்லை. தன் கழகம் மறைந்ததை அவன் செல்பேசித் திரையிலேதான் கண்டான்.

ஆகலின் அன்பர்காள்! செல்வர் வருவாரோ எனக் குறி பார்ப்பதைச் சற்றே நிறுத்துவோம். நாளை நம் மாவட்டத்திலோ மதுரையிலோ புதுக் கழகமொன்று எழுமாயின், முதல் ஆட்டத்திற்கு முன்னரே அதன் 26 பங்கைத் தேவதானமாக எழுதிவைக்குமாறு கேட்போம். அதன்பின் அமெரிக்கர் வரினும் வருக. வாயிலில் நின்று வரவேற்க யாமும் வருகின்றோம்.