குழந்தை வரும் வீட்டில் என்ன மணம்?



ஜோகூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். தலைப்பிரசவம் முடிந்து அவருடைய மூத்த மகள் கைக்குழந்தையுடன் தாய்வீட்டுக்கு வரப்போகிறாள். அதற்குள் வீட்டை மணக்க வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மாமியார், "சாம்பிராணி போட்டால் போதும்" என்கிறாராம். பட்டணத்தில் வேலை பார்க்கும் சின்ன மகளோ, வாசனை மெழுகுக் கட்டிகளையும் அதை உருக்கும் சின்னச் சட்டியையும் வாங்கி வந்திருக்கிறாள். அலமாரியில் பழைய துணிகளுக்கு நடுவே பாச்சை உருண்டையும் கிடக்கிறது. வீட்டுக்காரர் பால்மரம் வெட்டுகிறவர். "இதில் எது நல்லது? சம்பந்தி வீட்டார் வரும்போது ஒட்டுப்பால் வாடை அடித்தால் என் மகளுக்குத்தானே தலைகுனிவு?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒட்டுப்பால் வாடையில் தலைகுனிவு ஒன்றுமில்லை, சகோதரி. உங்கள் மகளைப் படிக்க வைத்ததும், கல்யாணம் செய்து கொடுத்ததும் அந்த வாடைதான். ஆனால் அதைப் போக்க வழி இருக்கிறது. போக்காமல் அதன்மேல் ரோஜா மணத்தையும் மல்லிகை மணத்தையும் போட்டு மூடினால், இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை கிளம்பும்! ஆகவே எதை வெளியேற்றுவது, எதைக் கழுவுவது, பிறகு எதைக் கொண்டு மணமூட்டுவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பாச்சை உருண்டை

குழந்தை வருமுன் வீட்டை விட்டு வெளியேற வேண்டியது இதுதான். ரசகற்பூரம் என்றும் சொல்வோம். கடையில் மலாய்க்காரர்கள் ஊபாட் கெகாட் என்று கேட்டு வாங்குவார்கள். பாச்சை உருண்டைகள் பலவற்றில் நாப்தலின் என்ற பொருள் இருக்கிறது. நமக்கு அது வெறும் நெடி. ஆனால் சில குழந்தைகளுக்கு அது நஞ்சு.

ஜி6பிடி குறைபாடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரத்தத்தின் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு பொருள் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். இது பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம் காணப்படுகிறது. நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். முடிவைக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பார்கள். மகள் வந்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

இந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு, பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைச் சுற்றினாலே போதும். நாப்தலின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய்ச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குழந்தையின் கண்ணும் உடம்பும் மஞ்சளாகும். மஞ்சள் கடுமையானால் மூளையையே பாதிக்கும். "நம் வீட்டில் யாருக்கும் அது இல்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சோதனை செய்யாத வரையில் யாருக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே உருண்டைகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அலமாரியைத் துடைத்து, கதவைத் திறந்து, நாலு நாள் காற்றாட விடுங்கள். தொட்டிலுக்கு என்று பத்திரப்படுத்திய பழைய சேலையும் அந்த அலமாரியில்தான் இருந்தது என்றால், அதைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். வேறு சேலை பாருங்கள். குழந்தையின் கண் மஞ்சளாகத் தெரிந்தாலும், சிறுநீர் கறுத்துப் போனாலும், பால் குடிக்காமல் சோர்ந்தாலும் நாட்டு மருந்து தேடி நாளைக் கடத்த வேண்டாம். உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பூசைக் கற்பூரத்தையும் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். தவழும் குழந்தை அதை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரும்.

வாடையைக் கழுவுவோம்

ஒட்டுப்பால் ஏன் நாறுகிறது? பாலில் இரப்பர் மட்டும் இல்லை. புரதமும் சர்க்கரையும் கொஞ்சம் உண்டு. கிருமிகள் அவற்றைத் தின்று சில அமிலங்களை உண்டாக்குகின்றன. மூக்கைத் துளைப்பது அந்த அமிலங்கள்தான். அமிலத்தை அடக்கச் சோடா போதுமே! ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, வேலைத் துணிகளை அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு வழக்கம்போல் சவுக்காரம் போட்டுத் துவைத்து, காலை வெயிலிலேயே காய வைத்துவிடுங்கள். நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது. அரைகுறையாகக் காய்ந்த துணி மறுபடியும் முடை நாற்றம் வீசும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. துணி வெளுக்கும் குளோரின் தண்ணீரைப் பால் உறைய வைக்கும் அமிலத்துடனோ, வினிகருடனோ, கக்கூஸ் கழுவும் திராவகத்துடனோ கலக்காதீர்கள். நச்சுப்புகை கிளம்பி நெஞ்சை அடைத்துவிடும். குளியலறைக் கதவு சாத்தியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

பால்மரங்கள் குறைந்து செம்பனை பெருகிவிட்ட காலம் இது. களைக்கொல்லி மருந்தடிக்கப் போகும் சகோதரிகளும் நம்மில் இருக்கிறார்கள். அந்த உடுப்பில் வாடை இல்லாவிட்டாலும் மருந்து இருக்கும். அதைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. வேலை முடிந்து வந்தால் குளித்து, உடுப்பை மாற்றிவிட்டுத்தான் பேரக் குழந்தையைத் தூக்க வேண்டும். பூட்ஸைக் கழுவி வாசலிலேயே கவிழ்த்து வையுங்கள்.

இனி வீட்டைச் சுற்றி வாருங்கள். குளியலறைத் தூம்பு, கருவாடும் பெலாச்சானும் இருக்கும் டப்பா, ஈரம் ஏறிய மெத்தை, பாத்திரம் துடைக்கும் துணி, குப்பைக் கூடை ஆகிய இந்த ஐந்தையும் கவனித்தாலே வீட்டின் வாடையில் பெரும்பகுதி போய்விடும். தினமும் காலையில் எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வையுங்கள். காற்று காசு கேட்பதில்லை.

பாட்டியின் சாம்பிராணி

சாம்பிராணியை நம் பாட்டிமார் கப்பலேறி வந்தபோது கொண்டு வந்த தமிழ்நாட்டுப் பொருள் என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதன் பிறப்பிடங்களில் ஒன்று நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுமத்திரா! மலாய்க்காரர்கள் கெமெஞான் என்கிறார்களே, அதேதான். அரபு வியாபாரிகள் அதை லுபான் ஜாவி, அதாவது ஜாவாச் சாம்பிராணி என்று அழைத்தார்கள். அதை எடுக்கும் முறை உங்களுக்குப் புதிதல்ல. மரப்பட்டையைக் கீறுவார்கள், பிசின் கசியும், அது இறுகியதும் சுரண்டி எடுப்பார்கள். பால்மரம் வெட்டுகிறவரின் வேலைக்கு அது தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

அப்படிப்பட்ட பொருளை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருமா? வெள்ளிக்கிழமை விளக்கேற்றி வீடெங்கும் தூபம் காட்டுங்கள். ஆனால் குளிப்பாட்டிய குழந்தையைத் தூபக்காலின்மேல் பிடித்துப் புகை காட்டும் வழக்கம் மட்டும் வேண்டாம். புகை எதுவானாலும் பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது. போதாததற்குச் சிரட்டைக் கரியும் அடுப்புக்கரியும் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது பெரியவர்களையே சாய்த்துவிடும்.

மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். "அத்தை, குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நீங்களே கூடத்தில் சாம்பிராணி போடுங்கள். சன்னலைத் திறந்து வைப்போம். புகை போனதும் குழந்தையைக் கொண்டு வருகிறேன்" என்று சொன்னால், தூபக்கால் அவர் கையிலேயே இருக்கும்; அவர் மனமும் நோகாது. குழந்தையின் தலையை மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்தாலே ஈரம் போய்விடும். கடையில் கிடைக்கும் கப் சாம்பிராணிக்கும் இதே விதிதான், அதுவும் புகைதான்.

சின்ன மகளின் வாசனை மெழுகு

இதில் திரி இல்லை. மெழுகோடு வாசனை எண்ணெயைக் கலந்து கட்டியாக வார்த்திருப்பார்கள். சட்டியில் ஒரு கட்டியைப் போட்டு, கீழே சின்ன மெழுகுவத்தியாலோ மின்சாரத்தாலோ சூடு காட்டினால் மெழுகு உருகும். வாசனை எண்ணெய் ஆவியாகி வீட்டில் பரவும். மெழுகு அப்படியே மிஞ்சும். மணம் தீர்ந்தால் மெழுகை மாற்ற வேண்டும்.

இந்த மெழுகு பெட்ரோலியத்திலிருந்தும் வரும், சோயாவிலிருந்தும் வரும், செம்பனை எண்ணெயிலிருந்தும் வரும். ஆம், நாம் வெட்டி இறக்கும் குலையிலிருந்துதான்! 1917இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டார்கள். அன்று தொடங்கிய பயிர் இன்று சமையல் எண்ணெயாகவும் சவுக்காரமாகவும் மெழுகாகவும் உலகமெல்லாம் போகிறது. பட்டணத்துக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். அதில் நம் கைப்பாடும் கலந்திருக்கலாம்.

சாம்பிராணியைப்போல் கண்ணுக்குத் தெரியும் புகை இதில் இல்லை. அதனால் சுத்தமானது என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2025இல் ஒன்றைக் கண்டு வெளியிட்டார்கள். வாசனை மெழுகின் ஆவி, வீட்டுக் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களை உண்டாக்குகிறதாம். அவை நெஞ்சுக்குள் ஆழமாகப் போகக் கூடியவை. ஆகவே குழந்தை இருக்கும் அறையிலும், ஆஸ்த்துமா உள்ளவர் படுக்கும் அறையிலும் வாசனை மெழுகு வேண்டாம்.

விருந்தாளி வருமுன் கூடத்தில் ஏற்ற ஆசையாக இருந்தால், சில விதிகளைக் கடைப்பிடியுங்கள். ஒரு கட்டி போதும். சன்னல் திறந்திருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் அணைத்துவிடுங்கள். "மணமே இல்லையே" என்று இன்னொரு கட்டியைப் போடாதீர்கள். உள்ளேயே இருப்பவர் மூக்குக்கு மணம் பழகிப்போகும், வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் தெரியும். பலகை வீடானால் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சட்டிக்கு அடியில் ஓடோ பீங்கான் தட்டோ இருக்கட்டும். மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ குபீரென்று மேலெழும்பும். மூடியால் மூடி அணையுங்கள். உருகிய மெழுகைத் தூம்பில் ஊற்றினால் உறைந்து அடைத்துக்கொள்ளும்; ஆற வைத்துப் பெயர்த்துக் குப்பையில் போடுங்கள். கட்டிகள் பார்ப்பதற்கு மிட்டாய் போலவே இருக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கைபடாத இடத்தில் வையுங்கள்.

குழந்தை வரும் நாளில்

காலையில் வீட்டைக் கழுவி விடுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். கொல்லையில் பாண்டான் செடி இருந்தால் நாலு இலை பறித்துக் கழுவி, முடிந்து, கூடத்து மேசையில் ஒரு தட்டில் வையுங்கள். வாசுமதி அரிசிக்கு மணம் தருகிற அதே பொருள் பாண்டான் இலையிலும் இருக்கிறது. சூடும் வேண்டாம், புகையும் வேண்டாம். அடுக்களையில் கருவாட்டு வாடை தங்கியிருந்தால், செராய்த் தண்டு இரண்டைத் தட்டிப் போட்டு, எலுமிச்சைத் தோலோடு ஒரு சட்டித் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். அடுப்பை விட்டு நகராதீர்கள்.

குழந்தை படுக்கும் அறைக்கு எந்த மணமும் தேவையில்லை. வெயிலில் காய்ந்த துணி, கழுவிய தரை, நல்ல காற்று, இவை மூன்றும் போதும். பிறந்த சில நாளிலேயே குழந்தை தாயை வாசத்தால் அடையாளம் கண்டுகொள்கிறது. பால் வாசம் தேடி முகத்தைத் திருப்புகிறது. நாம் ஏன் அதன்மேல் ரோஜாவைத் தெளித்துக் குழந்தையைக் குழப்ப வேண்டும்?

சம்பந்தி வீட்டார் வரட்டும், சகோதரி. வாசலில் வரவேற்று உட்கார வையுங்கள். உங்கள் வீட்டுக்காரர் வேலை முடிந்து, குளித்துவிட்டு வந்து பேரப்பிள்ளையைக் கையில் வாங்கட்டும். வரும்போது பாண்டான் வாசம் மறந்து போனாலும் பரவாயில்லை. பாச்சை உருண்டையை எடுத்துப்போட மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.