கொம்பு இடம் மாறினால் யார் குற்றம்?

கடந்த பருவ விடுமுறையில் கேமரன் மலையிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் சித்தி மகள் கைப்பேசியில் ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் ‘தேயிலை’ என்ற சொல் வந்தது. தகரத்திற்கு முன் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு அதற்குப் பின்னால் நின்றது. லகரத்தின் இணைக்கொம்பும் அப்படியே. அவள் தன் ஏட்டில் சரியாக எழுதியிருந்த சொல்லை அழித்து, திரையில் கண்டபடி மாற்றி எழுதினாள்.

“நான் எழுதுனதுதான் தப்பு போல, அண்ணா” என்றாள்.

அன்றிரவு நான் பிழையைத் தேடினேன். அதே விளையாட்டை என் மடிக்கணினியின் உலாவியில் திறந்தேன். எழுத்துகள் சரியாக இருந்தன. சித்தப்பாவின் கைப்பேசியில் பதிவிறக்கிப் பார்த்தேன், அங்கும் உடைந்தன. ஆனால் அதே கைப்பேசியில் வாட்ஸ்அப் செய்தி ஒழுங்காகத் தெரிந்தது. ஆகவே குறை கைப்பேசியில் இல்லை. விளையாட்டின் பதிவிறக்க வடிவத்தில் இருக்கிறது.

காரணம் எளிது. ஒருங்குறியில் ‘தே’ என்பது ஒலிக்கும் வரிசையில் பதிவாகிறது: முதலில் த, பிறகு கொம்பு. காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவருவது மென்பொருளின் வேலை. உலாவிகள் அதைச் செய்கின்றன. தானே எழுத்தை வரையும் சில விளையாட்டு மென்பொருள்கள் செய்வதில்லை. திஸ்கி போன்ற பழைய குறியீடுகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு முதலில் பதிவானதால் இந்தச் சிக்கல் எழவில்லை. அதை நினைத்துச் சிலர் ஒருங்குறியிலும் கொம்பை முன்னே போட்டுச் சமாளிக்கிறார்கள். அப்படிச் செய்தால், இதுவரை சரியாக இருந்த தளங்களில் எழுத்து உடையும். ஒட்டுப்போடுவது தீர்வாகாது.

“தமிழ் கணினிக்கு ஒத்துவராது, ரோமன் எழுத்தில் போட்டுவிடலாம்” என்பாரும் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. எழுத்துகளை முறைப்படி அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2023இல் வெளிவந்த கோடோ 4 என்னும் விளையாட்டு உருவாக்க மென்பொருளில் அது இணைந்தே வருகிறது. 2001இல் தமிழ் இணைய மாநாட்டை நடத்தியது நம் கோலாலம்பூர். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். வழி இல்லை என்று நாம் சொல்லலாமா?

குறை எங்கே என்றால், சோதனையில்தான். எங்கள் லயத்தில் இணையத் தொடர்பு விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் பிள்ளைகள் பதிவிறக்கிய வடிவத்தையே ஆடுகிறார்கள். நகரத்தில் இருப்பவர் உலாவியில் பார்த்து, “சரியாகத்தானே இருக்கிறது” என்று சொல்லிவிடலாம்.

2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துத் தொடர் ஐபோன் செயலிகளை முடக்கியது. செய்தி உலகெங்கும் பரவியது. அதே மாதத்தில் ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. நம் பிள்ளைகளோ முறையிடுவதில்லை. தங்கள் ஏட்டைத் திருத்திக்கொள்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளை மென்பொருள் எழுதப் போகிறீர்கள். ‘தேயிலை’, ‘கொய்யா’, ‘பௌர்ணமி’ ஆகிய மூன்று சொற்களையும் ஒவ்வொரு தளத்திலும் போட்டுப் பாருங்கள். விலை குறைந்த பழைய கைப்பேசியில் முதலில் பாருங்கள். உடைந்தால் திரைப்படம் எடுத்து, கருவியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்து, உருவாக்கியவருக்கு எழுதுங்கள். நானும் எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தோட்டத்தை விட்டுப் புறப்படும் முன் தங்கையின் ஏட்டை வாங்கி, “நீ முதல்ல எழுதுனதுதான் சரி” என்றேன். அவள் நம்பவில்லை. கைப்பேசியில் அப்படித்தானே இருக்கிறது என்று கேட்டாள்.